"யாரு பார்த்தா?" என்று கேட்பவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன பதிவில் கோலார் தங்கவயல் பாறைகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு வழிந்தது, அந்தக் குழம்பு பூமிக்குள் எப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தது என்பதைக்கூட அந்தப் பாறையே சொல்கிறது என்று எழுதியிருந்தேன். வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "யாரு சார் பார்த்தா?" எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்து இன்று துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் கேட்டிருக்கிறான். வங்கியில் ஓய்வு பெற்ற என் சகலை, "எல்லாம் யூகம்தானே சகலை, 200 கோடி, 300 கோடின்னு வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், "நம்ம ஊருக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்.

கேள்வி கேட்டதற்காக எனக்கு யார் மேலும் வருத்தமில்லை. முப்பது வருஷம் வகுப்பில் "கேள்வி கேளுங்கடா" என்று கத்தியவன் நான். ஆனால் "யூகம்" என்ற சொல்லை இவ்வளவு மலிவாக விடுகிறீர்களே, அதை என்னால் விட முடியாது. பார்த்தவர் இருந்தால்தான் உண்மை என்றால் ஒரு திருட்டு வழக்கும் நீதிமன்றத்தில் நிற்காது. திருடன் யாரும் ஊரைக் கூட்டி வைத்துத் திருடுவதில்லை. கைரேகை, காலடித் தடம், உடைந்த பூட்டு, விற்ற நகை, இவைதான் பேசுகின்றன. பாறையும் அப்படித்தான்.

சம்பந்தம் கேட்டவர் முதலில் தன் வீட்டுச் சமையலறைக்குப் போகட்டும். மேடையில் பதித்திருக்கும் பளபளப்பான கறுப்புக் கல்லைப் பார்க்கட்டும். கடைக்காரர் அதை "பிளாக் கிரானைட்" என்றுதான் விற்றிருப்பார். அது கிரானைட்டே அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வெட்டி வரும் கறுப்புக் கல்லில் பெரும்பாலானது டோலரைட். பூமிக்குள்ளிருந்து எழும்பிய கற்குழம்பு, நிலத்தில் விழுந்த நீண்ட வெடிப்புகளில் புகுந்து, அங்கேயே உறைந்து சுவர் போல நின்ற பாறை. சில இடங்களில் அந்தச் சுவர் பல பத்து கிலோமீட்டர் ஓடுகிறது. மேலே குழம்பு வழிந்து பரவியிருந்தாலும் மழையும் வெயிலும் காற்றும் அதை எப்போதோ தேய்த்துக் கொண்டுபோய்விட்டன. நமக்குக் கிடைத்திருப்பது எரிமலையின் தொண்டைக்குழி மட்டும். அதன் மேல்தான் நீங்கள் தினமும் சப்பாத்தி தேய்க்கிறீர்கள்.

(எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கடலைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களைக் கேட்காதீர்கள். நம் செங்கல்பட்டு, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் பெரும்பாலும் சார்னோக்கைட். பரங்கிமலைப் பாறை அது. எரிமலைப் பாறை இல்லை, பூமியின் மேலோட்டுக்குள் ஆழத்தில் வெந்து உருவானது. அதன் கதை வேறு.)

பெங்களூருக்கும் தருமபுரிக்கும் இடைப்பட்ட பரப்பில் கிழக்கு மேற்காக ஓடும் டோலரைட் சுவர்களுக்கு வயது சுமார் 237 கோடி ஆண்டு. "சுமார்" என்று சொன்னேனே தவிர, அளவீட்டுப் பிழை சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். அதாவது ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் வயதை ஒன்றிரண்டு மாதத்துக்குள் சரியாகச் சொல்வது போல. எப்படி? அந்தக் கல்லுக்குள் பேடலையைட் என்ற ஒரு கனிமம் மிகச் சிறு துணுக்குகளாக இருக்கிறது. முதன்முதலில் இலங்கையில் ரக்வானைப் பக்கம் கிடைத்து, அதைக் கொண்டுவந்த ஜோசப் பேட்லியின் பெயரால் 1892-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. இந்தக் கனிமம் உருவாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும், காரீயத்தை அநேகமாக உள்ளே விடாது. ஆகையால் இன்று அதற்குள் இருக்கும் காரீயம் யுரேனியம் சிதைந்து வந்த காரீயம். யுரேனியத்தில் இரண்டு வகை. ஒன்று பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, இன்னொன்று பாதியாகக் குறைய 70 கோடி ஆண்டு. ஒரே துணுக்குக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரம் காட்டினால்தான் வயதை ஏற்பார்கள். காட்டவில்லையென்றால் கல்லுக்கு நடுவில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று எழுதுவார்கள். இதே குடும்பத்துச் சுவர்களை வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு ஆய்வகங்களில் அளந்தும் விடை ஒன்றாகவே வந்தது. இதற்குப் பெயர் யூகமா சகலை? வங்கியில் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிக் கையெழுத்துப் போட்ட பணத்தை நீங்கள் யூகம் என்பீர்களா?

வயது சுலபம். அடுத்ததுதான் ருசியான இடம். கற்குழம்பு எங்கிருந்து வந்தது, அந்த இடம் அதற்கு முன் என்னவாக இருந்தது என்பதை ஒரு கல் எப்படிச் சொல்லும்?

பூமியின் மேலோட்டுக்குக் கீழே கவசம் இருக்கிறது, நம் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது திடப்பாறை. உள்ளே முழுக்கக் குழம்பு கொதிக்கிறது என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள், இல்லை. சில இடங்களில் மட்டும், அதுவும் ஒரு சிறு பங்கு மட்டும் உருகும். அந்த உருகல்தான் மேலே வந்து பசால்ட் ஆகிறது. இப்போது காபி பில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். புதுப் பொடியில் இறங்கும் முதல் டிக்காஷன் கெட்டியாக இருக்கும். அதே பொடியில் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றினால் வெளுத்துப் போகும். கண்ணைக் கட்டி ஒரு தம்ளரைக் கையில் கொடுத்தாலும், பொடி புதுசா, ஏற்கெனவே இறக்கியதா என்று என் மனைவி சொல்லிவிடுவாள். பொடியை அவள் பார்க்க வேண்டியதே இல்லை.

கவசப் பாறையும் அதே மாதிரி. சில தனிமங்களுக்குத் திடப்பாறைக்குள் இருக்கப் பிடிக்காது. கொஞ்சம் உருகினாலும் முதலில் குழம்புக்குள் ஓடிவிடும். ஒரு முறை உருகிக் குழம்பை இழந்த கவசத்தில் அவை குறைந்துபோயிருக்கும். பின்னால் அதே இடம் மறுபடி உருகினால் வரும் பசால்ட்டில் அந்தக் குறை தெரியும். இது முதல் தடயம்.

இங்கே ஒரு நல்ல மாணவன் குறுக்கே கேட்பான்: "சார், பொடியைக் கம்மியா போட்டாலும் டிக்காஷன் வெளுக்குமே? தண்ணியை அதிகமா ஊத்தினாலும் வெளுக்குமே?" சரியான கேள்வி. தனிம அளவு மட்டும் போதாது. அதனால்தான் இரண்டாம் தடயம் வேண்டும், அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

சமாரியம், நியோடிமியம் என்று இரண்டு அருமண் தனிமங்கள். சமாரியத்தில் ஒரு வகை மிக மிக மெதுவாகச் சிதைந்து நியோடிமியத்தின் ஒரு வகையாக மாறுகிறது. பாதியாகக் குறைய 10,600 கோடி ஆண்டு, பூமியின் வயதைப்போல் இருபது மடங்குக்கு மேல். கவசம் உருகும்போது நியோடிமியம் சமாரியத்தைவிடச் சற்று அதிகமாகக் குழம்போடு போய்விடும். ஆக, ஒருமுறை இறக்கிய பொடியில் சமாரியத்தின் பங்கு கூடியிருக்கும். அந்தப் பொடி நூறு கோடி, இருநூறு கோடி ஆண்டு சும்மா கிடந்தால், கூடிய சமாரியம் சிதைந்து அந்தக் குறிப்பிட்ட வகை நியோடிமியத்தின் விகிதத்தை உயர்த்திவிடும். இப்போது கவனியுங்கள். மறுபடி உருகும்போது தனிமங்களின் அளவு மாறும், ஆனால் ஒரே தனிமத்தின் இரண்டு வகைகளுக்கு இடையிலான விகிதம் மாறாது. ஏனென்றால் வேதியியலுக்கு அவை இரண்டும் ஒரே ஆள். தண்ணீர் அதிகம் ஊற்றினாலும், கொஞ்சம் ஊற்றினாலும் அந்த விகிதம் அப்படியே டிக்காஷனில் வந்து சேரும். ஆக, ஒரு பசால்ட் துண்டில் அந்த விகிதத்தை அளந்து, கல்லின் வயதுக்கு உரிய கணக்கைக் கழித்தால், அது பிறந்த இடம் அதற்கு முன்பே உருகி இழந்த இடமா, அல்லது ஏதோ ஒன்றைப் புதிதாக வாங்கிச் சேர்த்துக்கொண்ட இடமா என்பது தெரியும். கல்லுக்கு வயது 270 கோடி என்றால், அது சொல்லும் கதை அதற்கும் முந்தையது.

நம் அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் சுலபமாகப் புரியும். பாத்தியில் கடல் நீர் வற்றும்போது எல்லாம் ஒரே நேரத்தில் உறைவதில்லை. முதலில் ஜிப்சம் படியும், பிறகு சமையல் உப்பு, கடைசியில் மிஞ்சும் தண்ணீரில் மக்னீசியம் ஏறி வாயில் வைக்க முடியாமல் கசக்கும். கற்குழம்பும் மேலே வரும் வழியில் இப்படித்தான் படிகங்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டே வந்து குணம் மாறும். போதாததற்கு வழியிலிருக்கும் மேலோட்டுப் பாறையையும் கரைத்துத் தின்றுவிட்டு வரும். தக்காணப் பீடபூமியின் எரிமலை அடுக்குகள் இதற்கு நல்ல பாடம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து, இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடப்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த அடுக்குகளைக் கீழிருந்து மேலாக அளந்து வந்தால், புஷே என்று பெயரிட்ட அடுக்கு மேலோட்டுப் பாறையை நிறையத் தின்ற குழம்பு என்று தெரிகிறது. அதற்கு மேலே கிடக்கும் அம்பேனளி அடுக்கு வழியில் அநேகமாக எதையும் தொடாமல் வந்த குழம்பு. ஒரே மலை, ஒரே எரிமலைக் காலம், உள்ளே நடந்தது வேறு. இதையெல்லாம் கழித்துப் பார்க்காமல் யாரும் "மூலம் இதுதான்" என்று எழுதுவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே இன்னொருவர் கிழித்துத் தொங்கவிடுவார்.

இனி கோலார். தங்கவயலைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வட ஆற்காட்டிலிருந்து எத்தனை குடும்பங்கள் அங்கே சுரங்கத்துக்குள் இறங்கின! 3 கிலோமீட்டருக்கும் கீழே, வெக்கையில், தங்கத்துக்காகப் பாறையை உடைத்தவர்கள் நம் ஆட்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அவர்கள் உடைத்த அந்தக் கறுத்த பாறை என்ன? பழைய எரிமலைக் குழம்பு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிய பின் ஆம்ஃபிபொலைட் என்று பெயர். சில கிலோமீட்டர் அகலம், சுமார் 80 கிலோமீட்டர் நீளம் உள்ள ஒரு பட்டை.

வி. ராஜாமணி, எஸ். பாலகிருஷ்ணன் ஆகியோரும், அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்பர்ட் ஹான்சன், ஐரிக் குரோக்ஸ்டாட் போன்றவர்களும் இந்தப் பட்டையைத் துண்டு துண்டாக அளந்தார்கள். அருமண் தனிமங்கள், காரீயம், நியோடிமியம் எல்லாவற்றையும். வந்த விடை விசித்திரம். பட்டையின் மேற்குப் பக்கத்துப் பாறைகளில் எடை குறைந்த அருமண் தனிமங்கள் குறைந்து கிடந்தன. கிழக்குப் பக்கத்தில் அதே வகைப் பாறைகளில் அவை கூடிக் கிடந்தன. காரீய விகிதமும் ஒத்துப்போகவில்லை. சில கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பாறைகள் இரண்டு வேறு கவசப் பகுதிகளில் பிறந்தவை. பட்டைக்கு இருபுறமும் உள்ள நைஸ் பாறைகளின் வரலாறும் வேறு வேறு. 1989-இல் 'சயின்ஸ்' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் வாதம் இதுதான்: தனித்தனியாக இருந்த இரண்டு நிலத்துண்டுகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து மோதி ஒட்டிய தையல்தான் கோலார். நம் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றது அந்தத் தையலின் மேல்.

அந்தப் பாறைகளில் கொமாட்டியைட் வகையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி ஆற்றின் பெயர். மக்னீசியம் மிகுந்த இந்தக் குழம்பு உருவாக 1600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். இன்றைய பசால்ட் எரிமலையின் குழம்பு 1200 டிகிரி சுமார். கொமாட்டியைட்டுகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில்தான் கிடைக்கின்றன, அதற்குப் பிறகு மிக அரிது. ஆக, பூமியின் உள்ளடுப்பு அன்று கூடுதலாக எரிந்தது, பிறகு தணிந்தது. வெப்பமானி வைத்துப் பார்த்தவர் யாருமில்லை சகலை, கல்தான் வெப்பமானி.

இதிலெல்லாம் சண்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்று போல நிலத்தட்டுகள் நகர்ந்தனவா என்பதில் இன்றும் கடுமையாக அடித்துக்கொள்கிறார்கள். கோலாரையே வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சண்டை எதை வைத்து நடக்கிறது? அளந்த எண்ணை வைத்து. "நீ சொன்ன விளக்கத்துக்கு இந்த எண் ஒத்துவரவில்லை" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் மறுபடி மலையேறிக் கல் எடுத்து வர வேண்டும். நம் குடும்பக் குழுவில் மாதம் ஒருமுறை வருமே, "நாசா வியந்தது" என்று ஆரம்பிக்கும் செய்தி, அதைத் திருப்பிக் கேட்டவர் யாராவது உண்டா? அங்கே "யாரு பார்த்தா" என்று ஒருவரும் கேட்கவில்லை. அனுப்பியவர் மாமா என்பதால் வாயை மூடிக்கொண்டோம். மலையேறி, கல் உடைத்து, வருஷக்கணக்கில் அளந்தவனிடம் மட்டும் கேட்கிறோம். இதுதான் எனக்கு எரிகிறது.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: "சரி, இருக்கட்டும். இதனால் என்ன பிரயோஜனம்?"

கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கர் 1956-இல் விண்கற்களின் காரீயத்தை அளந்து பூமிக்கு வயது 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார். நான் மேலே சொன்ன அதே யுரேனியம் காரீயம் கணக்கு. அந்த வேலையில் அவரைப் படாத பாடு படுத்தியது ஒன்று: ஆய்வகக் காற்றில், தூசியில், எதைத் தொட்டாலும் அதில் வேறு காரீயம் ஒட்டியிருந்தது. இது எங்கிருந்து வருகிறது என்று தேடியவர், பெரும்பகுதி பெட்ரோலில் கலக்கும் காரீயம் என்று காட்டினார். அந்தத் தொழில்காரர்கள் சும்மா விடவில்லை, அவரும் விடவில்லை. கல் படித்த ஒரு மனிதர் ஆரம்பித்த அந்தச் சண்டையின் வால்தான், 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுக்கக் காரீயம் கலக்காத பெட்ரோலுக்கு மாறியது. அதற்குப் பிறகு பிறந்த உங்கள் பிள்ளைகளின் ரத்தத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு.

அவ்வளவு தூரம் ஏன்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, மறந்துவிட்டதா? படகு, வலை, அலையாத்திச் செடி, கை, கால் எல்லாம் கறுப்பு. அன்று ஊர் கேட்ட முதல் கேள்வி "இது எங்கிருந்து வந்தது?" என்பதுதான். எண்ணெய்க்கும் கைரேகை உண்டு. அதன் சேர்மங்களை அளந்தால் எந்த மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று சொல்ல முடியும். நம் மொட்டை மாடியில் படியும் சாம்பலைச் சாதாரணத் தூசி என்று துடைத்துப் போடுகிறோம். நுண்ணோக்கியில் வைத்தால் அதில் நிலக்கரிச் சாம்பலின் கண்ணாடி உருண்டைகள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், சாலைப் புழுதியில் அப்படி உருண்டைகள் இருக்காது. மீஞ்சூர்க் கிணறுகளில் ஏறிய உப்பு, கடல் உள்ளே புகுந்ததாலா, வேறு காரணத்தாலா என்பதையும் நீரின் வேதியியல்தான் சொல்லும். மூலத்தைத் தேடும் கலை ஒன்றுதான், 270 கோடி ஆண்டுப் பாறையில் பழகினால் நேற்றைய கழிவிலும் கை வரும். அந்தக் கலை தெரிந்தவர் ஊரில் இல்லாவிட்டால் யாருக்கு லாபம்? கழிவை விட்டவருக்கு. "யாரு பார்த்தா?" என்பது அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி.

இப்போது உறவுகளிடம் மட்டும் ஒரு வார்த்தை. பெயர் சொல்லவில்லை, யாரென்று உங்களுக்கே தெரியும். பேத்தி முறையில் ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், நிலவியல் படிக்க ஆசைப்படுகிறாள். மாநிலக் கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து, "கல்லைப் படிச்சு என்ன பண்ணப் போறே, மலை மேல ஏறி யாரு உன்னைப் பார்த்துப்பா" என்று சொல்லி அவளை வேறு பாடத்துக்குத் தள்ளுகிறீர்கள். வேலை பற்றிக் கவலை என்றால் நியாயம், பேசலாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் மத்தியத் தேர்வாணையம் தனியாகவே புவி அறிவியலாளர் தேர்வு நடத்துகிறது. எண்ணெய் நிறுவனங்கள் இருக்கின்றன, சுரங்கத் துறை இருக்கிறது, சுரங்க ரயில் பாதை தோண்டுகிறவனுக்கும் கீழே என்ன பாறை என்று சொல்ல ஆள் வேண்டும். எல்லாருக்கும் கிடைக்குமா என்றால் கிடைக்காது. பொறியியல் படித்த நம் வீட்டுப் பையன்கள் எல்லாருக்கும் கிடைத்துவிட்டதா?

மலை ஏறுவது பெண்ணுக்கு ஆகாது என்றால், தங்கவயலில் கூடை சுமந்த பாட்டிமார்கள் யார் வீட்டுப் பெண்கள்? உப்பளத்தில் வெயிலில் உப்பு வாரிய அவளுடைய சொந்தக் கொள்ளுப்பாட்டி? அப்போது வராத கவலை, கையில் சுத்தியலும் நோட்டுப்புத்தகமும் பிடிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. செலவு ஒரு தடை என்றால் வெட்கப்படாமல் எனக்கு நேரில் சொல்லுங்கள். பழைய மாணவர்களில் நாலைந்து பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

மறுப்பு எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். எழுத்தில் எழுதுங்கள். குரல் செய்தி அனுப்பாதீர்கள், காது முன்போல் இல்லை.